லாம்பெத் பணியில்லமும் சாப்ளின் குடும்பமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தெற்கு லண்டனின் ஏழைக் குடும்பமொன்றில் தாய் படுக்கையில் விழுந்தால், அந்நோய் அவரோடு நின்றுவிடாமல் பிள்ளைகளையும் திசைக்கொருவராகச் சிதறடித்தது. 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத் திருத்தம் வகுத்த ஏற்பாடு அத்தகையது. பிழைக்க வழியற்றவர் உதவி வேண்டினால் பணியில்லம் எனப்பட்ட, உண்டியும் உறையுளும் தந்து வேலை வாங்கும் பெருவிடுதிக்குள் புக வேண்டும் என்றும், அங்குள்ள வாழ்க்கை வெளியே உழைக்கும் கடைநிலைக் கூலியாளின் வாழ்க்கையைவிடத் தாழ்ந்ததாகவே இருக்க வேண்டும் என்றும் அச்சட்டத்தை வகுத்தோர் கருதினர். உதவி தாராளமானால் சோம்பல் பெருகும் என்னும் இதே அச்சமே, 1877இல் சென்னை மாகாணப் பஞ்சத்தின்போது நிவாரண வேலை செய்தோரின் தானியப் படியை ஒரு பவுண்டாகக் குறைக்க அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிளைத் தூண்டியது. பணியில்லத்தின் வாயிலிலேயே ஆண், பெண், குழந்தை என்று குடும்பம் பிரிக்கப்பட்டது.

1896இல் லாம்பெத் பணியில்லத்துக்குள் நுழைந்த ஹன்னா சாப்ளின், இசையரங்குகளில் பாடிப் பிழைத்து, குரல் கெட்டபின் தையல் வேலையால் இரு பிள்ளைகளை வளர்த்தவர். பிரிந்து வாழ்ந்த கணவரும் பாடகரே; குடிக்கு அடிமையான அவர் பிள்ளைகளுக்குரிய பணத்தை ஒழுங்காகத் தரவில்லை. பதினோரு வயது சிட்னியும் ஏழு வயது சார்லியும் சில வாரங்களில் நகரின் மேற்கேயிருந்த, ஏழைப் பிள்ளைகளுக்கான ஹான்வெல் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். சிட்னி அங்கிருந்து பயிற்சிக் கப்பலுக்குச் சென்றுவிட, 1898 ஜனவரி வரை சார்லி தனித்திருந்தான். படர்தாமரை கண்டபோது அவன் தலை மழிக்கப்பட்டு அயோடின் பூசப்பட்டது. மற்றச் சிறுவர்கள் அந்நோயாளிகளை அருவருப்புடன் பார்த்தனர்.

பதிவேடுகள் இக்குடும்பத்தைச் சேர்க்கை, விடுவிப்பு என்னும் தேதிகளாக மட்டுமே காட்டுகின்றன. அத்தேதிகளுக்கு இடையே பிள்ளை கண்டது என்ன என்பதை 1964இல் வெளிவந்த சார்லி சாப்ளினின் தன்வரலாறே சொல்கிறது. முதியவரின் நினைவு ஆண்டுகளையும் இடங்களையும் சில வேளை குழப்பினாலும், அது இல்லையேல் இவ்வரலாறு பாதிதான். மீண்டும் பணியில்லம் புகுந்த 1898ஆம் ஆண்டுக் கோடையில், பிள்ளைகளைக் காணும் ஏக்கத்தால் ஹன்னா மூவருக்கும் விடுவிப்புப் பெற்றார். நீராவியில் கிருமி நீக்கி, தேய்க்காமலே திருப்பித் தரப்பட்ட கசங்கிய ஆடைகளுடன் அவர்கள் கென்னிங்டன் பூங்காவுக்குச் சென்று, சிட்னி சேர்த்து வைத்திருந்த ஒன்பது பென்னியில் கருஞ்செர்ரி வாங்கித் தின்று, செய்தித்தாளைச் சுருட்டிக் கயிற்றால் கட்டிய பந்தை எறிந்து விளையாடினர். அன்று மாலையே திரும்பி வந்து சேர்க்கை கேட்டபோது, எல்லாச் சடங்கையும் மறுபடி செய்ய நேர்ந்த அலுவலர்கள் சினந்தனர்.

அடுத்த மாதம் ஹன்னா கேன் ஹில் மனநோய்க் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டார். தாய் வேண்டுமென்றே தன் அறிவை விட்டு அகன்று தங்களைக் கைவிட்டதாக ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தோன்றியது. பிள்ளைகள் தந்தையின் வீட்டில் விடப்பட்டனர். மாற்றாந்தாய் நிலையிலிருந்த பெண்ணுக்கும் தந்தைக்கும் இடையே மூண்ட குடிச் சண்டைகள் அங்கே அவர்களைச் சூழ்ந்தன. தந்தை 1901இல் முப்பத்தெட்டு வயதில் இறந்தார்.

இடையில் தேறி வீடு திரும்பியிருந்த ஹன்னாவுக்கு 1903இல் நோய் மீண்டபோது சிட்னி கடலில் இருந்தான். பிறந்தநாள் பரிசு என்று சொல்லி அண்டை வீடுகளுக்குக் கரித்துண்டுகளை வழங்கிய தாயை, பதினான்கு வயதுச் சார்லி தள்ளாடத் தள்ளாட மருத்துவமனைக்கு நடத்திச் சென்றான். பட்டினியே நோய்க்குக் காரணம் என்று மருத்துவர் கூறினார். மீண்டும் பள்ளிக்கு அனுப்பப்படுவதற்கு அஞ்சி, அத்தை பார்த்துக்கொள்வார் என்று அவன் பொய் சொன்னான். பின்னர் காப்பகத்தில் சந்தித்தபோது, அன்று ஒரு கோப்பைத் தேநீர் தந்திருந்தால் தான் நலமாக இருந்திருப்பேன் என்று தாய் சொன்ன சொல் அவனை நெடுநாள் வருத்தியது. வறுமையும் சட்டமும் விளைவித்த கேட்டுக்கு ஒரு பிள்ளை தன்னையே பொறுப்பாக்கிக்கொண்ட கொடுமை எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

1921இல் மகன்களால் கலிபோர்னியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஹன்னா 1928இல் இறந்தார். ஏழையர் சட்டம் 1948இல்தான் முற்றிலும் நீங்கியது; அவ்வாண்டின் குழந்தைகள் சட்டம், தன் பொறுப்பில் உள்ள பிள்ளையின் நலனுக்கு உகந்தவிடத்து அதனைப் பெற்றோரிடமோ உறவினரிடமோ சேர்க்க முயல்வதை உள்ளாட்சியின் கடமையாக்கியது.