போரிலும் அறாத தொடர்பு

ரயில்வேயில் பணிபுரியும் நாம் அறிந்த உண்மை ஒன்று உண்டு. போர் மூண்டால் எல்லையில் முதற்கண் நின்றுபோவன வண்டியும் தபாலுமே. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது ஐரோப்பாவில் அறிவின் போக்குவரத்தும் அவ்வாறே நின்றது. அவ்வாண்டு ஜெர்மானிய அறிஞர் 93 பேர் தம் நாட்டுப் படையை ஆதரித்து அறிக்கை விடுத்தனர். அதற்கு மாறாக எழுந்த வேண்டுகோளில் கையொப்பமிட்ட மிகச் சிலருள் ஐன்ஸ்டைன் ஒருவர்.

1915 நவம்பரில் பெர்லின் நகரில் அவர் தமது பொதுச் சார்புக் கொள்கையை வெளியிட்டார். சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி 1.75 விகலை வளையும் என்பது அதன் முடிபுகளுள் ஒன்று. ஒரு பாகையை 3600 கூறிட்டால் ஒரு கூறே விகலை. நியூட்டனின் வழியே கணக்கிட்டால் வளைவு இதிற் பாதியே. எது மெய்? முழுச் சூரிய கிரகணத்தின்போதே அதனைக் காண இயலும்.

பெர்லினிலிருந்து லண்டனுக்கு நேர்வழி அடைபட்டிருந்தது. ஆயினும் நடுநிலை நாடாகிய ஹாலந்து வழியே ஒரு கிளைப்பாதை இருந்தது. லெய்டன் நகரத்து வானநூலார் டி சிட்டர் இக்கொள்கையை 1916-இல் பிரிட்டனின் அரச வானியற் கழகத்துக்கு அறிவித்தார். அதன் செயலாளராயிருந்த எடிங்டன், பகைநாட்டான் கருத்தென்று அதனைத் தள்ளாமல் ஆர்வத்தோடு கற்றுப் பிறர்க்கும் விளக்கினார்.

எடிங்டன் குவேக்கர் என்னும் சமயப் பிரிவினர். போரில் ஆயுதம் ஏந்துவதில்லை என்னும் உறுதியுடையவர். 1918-இல் படைச்சேவைக்குரிய விசாரணை மன்றத்தின்முன் அதனை வெளிப்படையாகவே கூறினார். அவ்வாறு மறுத்த பலர் சிறை புகுந்த காலம் அது. அரச வானியலார் டைசன், 1919 மே 29-இல் நிகழவிருந்த கிரகணத்தை ஆராய எடிங்டன் வேண்டும் என வாதாடியதால் அவருக்கு 12 மாத விலக்குக் கிடைத்தது.

போர் ஓய்ந்தது. ஒரு குழு பிரேசிலின் சோப்ரால் நகருக்கும், எடிங்டன் ஆப்பிரிக்காவை அடுத்த பிரின்சிப்பித் தீவுக்கும் சென்றனர். கிரகண நாட்காலையில் தீவில் பெருமழை. பின்னரும் மேகம் முற்றும் விலகவில்லை. எடுத்த 16 படங்களுள் இரண்டே பயன்பட்டன. தீவில் 1.61 விகலையும் சோப்ராலில் 1.98 விகலையும் அளவாயின. நவம்பர் 6-ஆம் நாள் லண்டனில் முடிவு அறிவிக்கப்பட்டது. ஜெர்மனியில் பிறந்த கருத்தை, ஓராண்டுக்கு முன் அதனோடு பொருத நாட்டினரே உலகறிய நிலைநாட்டினர்.

எனினும் பகை எளிதில் மாய்வதன்று. 1920-ஆம் ஆண்டின் தங்கப் பதக்கத்தை ஐன்ஸ்டைனுக்கு அளிக்க அரச வானியற் கழகத்தார் முடிவுசெய்தனர்; எதிர்ப்பு எழவே அவ்வாண்டு எவருக்கும் பதக்கம் இல்லை. 1919-இல் தோன்றிய சர்வதேச ஆராய்ச்சி மன்றமும் ஜெர்மனியைச் சேர்க்க மறுத்தது. 1926-இல்தான் அத்தடை நீங்கியது. பதக்கமும் அவ்வாண்டே அவரை அடைந்தது.

இவ்வரலாற்றில் நம்மவர் ஒருவரும் உளர். பிரிவினைக்கு முந்திய இந்தியாவின் லாகூரில், ரயில்வே கணக்கு அதிகாரியின் மகனாய் 1910-இல் பிறந்த தமிழர் சந்திரசேகர். அவரது ஆய்வை 1935-இல் சபையறிய மறுத்து எள்ளியவர் இதே எடிங்டன். ஆயினும் 1982-இல் எடிங்டனின் நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்ஜில் அவரைப் போற்றி உரையாற்றியவர் சந்திரசேகரே.

பல மொழியினரோடு ஒரே காலனியில் வாழும் நாம் இதனை நம் மக்களுக்குச் சொல்லுதல் வேண்டும். நேர்வழி அடைபட்டபோதும் கிளைவழி ஒன்றைத் திறந்துவைத்தவர்களாலேயே உலகம் அறிவு பெற்றது.