பாப்பாத்தியம்மாள் கோயில்

1780ஆம் ஆண்டு பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர். பல சாதிகளிலிருந்து வந்தவர்கள். அந்தப் பட்டியலின் முதல் பெயர் ஒரு பெண்ணுடையது: கிளாரிந்தா. திருநெல்வேலிச் சீர்திருத்தத் திருச்சபையின் வரலாறு ஒரு விதவையின் பெயரோடு தொடங்குகிறது.

கிளாரிந்தா மராத்திப் பிராமணப் பெண். கணவர் இறந்தபின் லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தார். கிறிஸ்தவத்தை அவரிடமிருந்தே அறிந்தார். தஞ்சாவூர் மிஷனரி சுவார்ட்சிடம் ஞானஸ்நானம் கேட்டபோது, திருமணமில்லாமல் ஓர் ஆணோடு வாழ்கிறவர் என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோதுதான் அது கிடைத்தது. உறவு இருவருடையது, வாசலில் நிறுத்தப்பட்டவர் ஒருவர்.

மறுக்கப்பட்டவர் கசந்து விலகியிருக்கலாம். கைம்பெண் என்று பிறந்த சமூகம் ஒதுக்கியது, பாவி என்று புதிய சமயம் தள்ளி வைத்தது. ஆனாலும் கிளாரிந்தா மறுபடியும் கேட்டார். பெற்றபின் அதோடு நிற்கவும் இல்லை. தம் பணத்தைப் போட்டு ஓர் ஆலயம் கட்ட முன்னின்றார். 1785இல் சுவார்ட்ஸ் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். சபையை நடத்த ஆள் வேண்டும் என்று தஞ்சாவூரிடம் கேட்டார். உபதேசியார் சத்தியநாதன் வந்து சேர்ந்தார். 1790இல் குருப்பட்டம் பெற்றவர் சத்தியநாதன். சபையைக் கூட்டிய பெண்ணுக்கு அப்படியொரு பட்டம் இருக்கலாம் என்று எவரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஊர் மக்கள் அந்த ஆலயத்தைப் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றார்கள். கட்டியவளை ஊர் மறக்கவில்லை என்பது இந்தப் பெயரின் மகிழ்ச்சி. அவர் சாதியை விட்டு வந்தும் சாதி அவரை விடவில்லை என்பது இதன் கசப்பு. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அ. மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் 'கிளாரிந்தா' என்ற நாவலை எழுதினார். உடன்கட்டைச் சிதையிலிருந்து லிட்டில்டன் அவரைக் காப்பாற்றும் கதை அதில் உண்டு. இன்றும் கிளாரிந்தாவைப் பற்றிப் பேசுவோர் முதலில் சொல்வது சிதையையும் மீட்ட ஆணையும்தான். காப்பாற்றப்பட்டவளாக ஒரு பெண்ணை நினைவில் வைப்பது எளிது. சபையை உண்டாக்கியவளாக நினைவில் வைத்தால், அவளுக்கு என்ன இடம் தந்தோம் என்ற கேள்வி எழும்.

அவரை நாம் அறிவது பெரும்பாலும் மிஷனரிகளின் குறிப்புகள் வழியாக. அவர் எப்படி ஜெபித்தார், எந்த இரவில் நம்பிக்கை தளர்ந்தார் என்று அவர் வாயால் கேட்க வழியில்லை. செயல்களைக் கொண்டுதான் அவருடைய பக்தியை அளக்க முடிகிறது. அனல் என்றும் எழுப்புதல் என்றும் மேடைகளில் பேசப்படுவது உணர்ச்சி. கிளாரிந்தாவிடம் நான் காண்பது ஆண்டுக்கணக்கில் செய்த வேலை.

நான் இதை எழுதுவது பல்லடத்திலிருந்து. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளை நம்பித் தென்மாவட்டங்களிலிருந்து வந்த பெண்கள் இங்கே ஏராளம். ஒன்றரை ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்து, சமைத்து, பிள்ளைகளைத் தூங்க வைத்தபின் வேதாகமத்தைத் திறக்கும் பெண்ணிடம், உங்கள் பக்தி குளிர்ந்துவிட்டது என்று சொல்வது அநியாயம். கிளாரிந்தாவிடம் செல்வம் இருந்தது, நேரம் இருந்தது. இந்தப் பெண்களிடம் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே இருக்கிறது. ஏற்றுமதி அவசரம் வந்தால் அதுவும் இல்லை. அப்படியும் காணிக்கை கொடுப்பதும், ஆலயம் பெருக்குவதும், நோயாளி வீட்டுக்குப் போய் ஜெபிப்பதும் பெரும்பாலும் பெண்கள்தாம். கமிட்டி நாற்காலிகளை எண்ணிப் பாருங்கள், கணக்கு மாறிவிடும்.

தென்னிந்தியத் திருச்சபை 1970களில் பெண்களுக்குக் குருப்பட்டம் தரத் தொடங்கியது. 2013இல் புஷ்பலலிதா நந்தியால் பேராயர் ஆனார். கிளாரிந்தா ஞானஸ்நானம் பெற்று 235 ஆண்டுகள் ஆகியிருந்தன. இவ்வளவு காலமும் பெண்கள் விசுவாசத்தில் நிலைத்திருந்தது, திருச்சபை அவர்களை நன்றாக நடத்தியதால் அன்று. கடவுள் வேறு, வாசலில் நிற்கும் மனிதர் வேறு என்று அவர்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது. அந்தத் தெளிவையும் பக்தியின் பகுதியாகவே நம் மாணவிகளுக்குச் சொல்லித்தர வேண்டும். சபையை நேசிக்கிறவள்தான் அதனிடம் கணக்குக் கேட்க முடியும்.