நடையே மருந்தான கதை

குதிரை ஒன்று வண்டி இழுக்கிறது. சற்று ஓடியதும் நொண்டுகிறது. ஓய்வுக்குப்பின் மீண்டும் ஓடுகிறது. 1831-இல் பாரிசில் பூலே என்ற கால்நடை மருத்துவர் காரணம் கண்டார்: காலின் தமனியில் அடைப்பு! 1858-இல் ஷார்க்கோ மனிதரிடமும் இந்நோயை விளக்கினார்.

நடந்தால் வலிக்கிறது, எனவே நடக்காதே என்றுதானே நீங்களும் சொல்வீர்கள்? 1966-இல் டென்மார்க்கின் லார்சன், லாசன் இருவரும் நோயாளிகளை நாள்தோறும் நடக்கச் செய்தனர். அவர்கள் நடக்கும் நேரம் கூடியது. பயிற்சி பெறாதவர்களிடம் மாற்றமில்லை.

அடைப்பு கரைந்ததா? இல்லை. கிடைக்கும் ஆக்சிஜனைத் திறம்படப் பயன்படுத்தத் தசை பழகிக்கொள்கிறது.

வலிக்கும்வரை நடை, வலி தணியும்வரை ஓய்வு, பிறகு மீண்டும் நடை. வாரம் மூன்று முறை, குறைந்தது 12 வாரம், மருத்துவர் மேற்பார்வையில். இன்றைய சிகிச்சை இதுவே. வலியே இங்கு அளவுகோல்!