190ஈ-யா, எம்3-யா? ஒரு பழைய சண்டை

பழைய ஜெர்மன் கார்கள் பற்றிப் பேச்செடுத்தாலே இந்தச் சண்டை வந்துவிடும். மெர்சிடீஸ் 190ஈ 2.3-16 ஒசத்தியா, ஈ30 தலைமுறை பிஎம்டபிள்யூ எம்3 ஒசத்தியா? பெரும்பாலும் எம்3 பக்கம்தான் தீர்ப்பு. எனக்கு அது பாதி சரின்னுதான் படுது.

முதலில் எண்கள். மெர்சிடீஸ் 1983-இல் அறிமுகமானது. 2,299 சிசி, நான்கு சிலிண்டர், 16 வால்வு, 185 குதிரைத்திறன். சிலிண்டர் ஹெட்டை வடிவமைத்தது இங்கிலாந்தின் காஸ்வொர்த். எம்3 விற்பனைக்கு வந்தது 1986-இல். 2,302 சிசி, அதே நான்கு சிலிண்டர், 16 வால்வு, 200 குதிரைத்திறன். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட முதலாவதுக்குச் சுமார் ஏழரை நொடி, இரண்டாவதுக்குச் சுமார் ஏழு. இந்த அரை நொடிக்கா இத்தனை சண்டை?

விஷயம் பின்சக்கரத்தில் இருக்கிறது. 1982-இல் வந்த சாதாரண 190-லேயே ஒவ்வொரு பின்சக்கரத்தையும் ஐந்து தனித்தனி இணைப்புகள் பிடித்திருந்தன. வளைவில் கார் சாய்ந்தாலும் சக்கரம் தரையோடு வைக்கும் கோணம் அதிகம் மாறாது. எம்3-இல் இருந்ததோ பழைய செமி-டிரெய்லிங் ஆர்ம். சக்கரம் மேலே கீழே போகும்போது கோணமும் மாறும். ஈர ரோட்டில், வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் வால் சுற்றப் பார்க்கும்.

காகிதத்தில் மெர்சிடீஸ்தான் ஜெயிக்கணும். ஏன் ஜெயிக்கவில்லை?

இரண்டும் பிறந்த விதம் வேறு. மெர்சிடீஸ் முதலில் ராலிக்காகத் திட்டமிடப்பட்டது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஆடி குவாட்ரோ வந்ததும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. ஆகவே நல்ல குடும்பக் கார் ஒன்று ரேஸ் தடத்துக்குத் திரும்பியது. 1983-இல் இத்தாலியின் நார்தோ தடத்தில் 50,000 கிலோமீட்டரை சராசரியாக மணிக்கு 247.9 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. 1984-இல் புதிய நியூர்பர்க்ரிங் திறப்புப் பந்தயத்தில் எல்லோருக்கும் இதே கார்தான். லௌடாவை முந்தி ஜெயித்தவர் இளம் அயர்டன் சென்னா.

பிஎம்டபிள்யூ நேர் எதிர்த்திசையில் வந்தது. குரூப் ஏ விதிப்படி பன்னிரண்டு மாதத்தில் 5,000 கார் தயாரித்தாக வேண்டும். சரி, ரேஸ் காரையே செய்வோம், பிறகு அதற்கு நம்பர் பிளேட் மாட்டுவோம் என்கிற மாதிரியான கணக்கு. அகலமான டயர் நுழைய மட்கார்டைப் புடைக்க வைத்தார்கள். பின்னாலுள்ள இறக்கைக்குக் காற்று ஒழுங்காகப் போக, பின்கண்ணாடியின் சாய்வையே மாற்றினார்கள். எடையும் குறைவு. ஸ்டீயரிங் ரேக் அண்ட் பினியன். மெர்சிடீஸில் இருந்த பழைய பாணி ஸ்டீயரிங்கைவிடக் கைக்குச் சட்டென்று பதில் சொல்லும்.

பலன், 1987-இல் உலக டூரிங் கார் பட்டம் எம்3 ஓட்டிய ராபர்டோ ரவாலியாவுக்கு. மெர்சிடீஸுக்கு நேரம் பிடித்தது. 502 கார்கள் மட்டுமே செய்யப்பட்ட எவல்யூஷன் 2 வந்தபிறகு, 1992-இல் கிளாஸ் லுட்விக் அதில் ஜெர்மன் டூரிங் கார் பட்டத்தை வென்றார்.

ஆனா ஒன்று கவனியுங்கள். 1990-இல் வந்த அடுத்த 3 சீரிஸில் பிஎம்டபிள்யூ அந்தப் பழைய செமி-டிரெய்லிங் ஆர்மைக் கைவிட்டு, பல இணைப்புகள் கொண்ட பின் சஸ்பென்ஷனுக்கு மாறிவிட்டது. பட்டம் வாங்கிக் கொடுத்த அமைப்பையே விட்டுவிட்டு, எதிராளி 1982-இலேயே போன வழிக்கு வந்தார்கள்.

அதனால், எது ஒசத்தின்னு யாராவது கேட்டா நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ரேஸ் தடத்திலா, ஈர ரோட்டிலா?