இல்லாமையால் பெயர் பெற்ற அப்பம்

எபிரேயத்தில் புளித்த மாவுக்கு 'ஹமேட்ஸ்' என்று பெயர். புளிப்புச் சுவையைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் அது; வினாகிரிக்கான சொல்லும் அதே வேரினதே. புளியாத அப்பத்துக்குப் பெயர் 'மட்ஸா'. இச்சொல்லின் மூலம் பற்றி மொழியியலாளரிடையே உடன்பாடில்லை. ஆயினும் அதில் எதிர்மறை எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்பது தெளிவு. அது தன் பெயரிலேயே நிற்கும் அப்பம்.

எகிப்திலிருந்து தப்பியோடியவர்களுக்கு மாவைப் புளிக்கவைக்க அவகாசம் கிடைக்கவில்லை என்கிறது யாத்திராகமம். ஆனால் அதற்கு முந்திய ஆதியாகமக் கதையிலேயே லோத்து தன் விருந்தினருக்கு மட்ஸா சுட்டுக் கொடுக்கிறான். வாற்கோதுமை அறுவடையோடு தொடர்புடைய ஒரு பழைய விழாவே பின்னர் விடுதலையின் நினைவாக மாறியது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆக, அவசரத்தில் சுட்ட ஏழை அப்பம் ஒரு மக்கள்கூட்டத்தின் வரலாற்றைச் சுமக்கலாயிற்று.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த புலம்பெயர் யூதர் தமது வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தனர். 'பஸ்கா' என்ற விழாப்பெயரை அவர்கள் மொழிபெயர்க்கவில்லை, ஒலிபெயர்த்தனர். மட்ஸாவையோ 'அஸூமோஸ்' ஆக்கினர். 'ஸூமே' என்றால் புளிமா. முன்னுள்ள 'அ' இன்மையைச் சுட்டுவது. தனிப்பெயர் கொண்டிருந்த அப்பம் இப்போது தன்னிடம் இல்லாத ஒன்றால் அறியப்பட்டது.

இது வெறும் அகராதிச் சிக்கல் அல்ல. 1053இல் ஓக்ரிட் பேராயர் லியோ, இலத்தீன் திருச்சபை நற்கருணைக்குப் புளியாத அப்பத்தைப் பயன்படுத்துவதைக் கண்டித்தார். சுவிசேஷங்கள் 'ஆர்ட்டோஸ்' என்கின்றன. அது பொங்கியெழுந்த அப்பம். 'அஸூமா' அப்பமே அல்ல, உயிரற்றது எனக் கிரேக்கத் தரப்பு வாதிட்டது. கடைசி இராவுணவு பஸ்காவின் உணவே என்றது இலத்தீன் தரப்பு. எபிரேய 'லெஹெம்' இரண்டையும் அடக்கும் பொதுச்சொல் என்பது இரைச்சலில் அமுங்கிப்போயிற்று. 1054 யூலை 16இல் கொன்ஸ்தாந்திநோபிளின் ஹாகியா சோபியா பலிபீடத்தில் சபைநீக்க ஆணை வைக்கப்பட்டது. பிளவுக்கான காரணங்கள் பல. அவற்றுள் அப்பமும் ஒன்று. இரண்டும் செல்லும் என 1439இல் புளோரன்ஸ் சங்கம் அறிவித்தபோதும் பிளவு ஆறவில்லை.

தமிழ் விவிலியமும் 'புளிப்பில்லாத அப்பம்' என்றே எழுதிற்று. கள்ளு விட்டு மாவைப் புளிக்கவைத்து அப்பம் சுடும் எமக்கு அது முரண்தொடராகவே ஒலிக்கும்.

இன்று எம்மைக் குறிக்கும் சொற்களையும் எண்ணிப் பார்க்கவேண்டும்: நாடற்றோர், வதிவிட உரிமையற்றோர், மொழியறியாதோர். அலுவலகங்கள் இவ்வாறு எழுதுவது வியப்பல்ல. நாமே எம்மைப் பிறமொழியில் பெயர்க்கும்போது எதைப் 'பஸ்கா'வாகக் காப்பது, எதை 'அஸூமா'வாக விட்டுக்கொடுப்பது என்பதே கேள்வி. இல்லாமையால் பெயரிடப்பட்டதை, 'அது அப்பமே அல்ல' என்று மறுப்பது எவருக்கும் எளிது.