குறைமாதப் பிரசவ முன்கணிப்புச் சோதனை

37 வாரம் நிறையுமுன் வலி கண்ட கர்ப்பிணிக்கு விரைவில் பிரசவம் ஆகுமா என்பதைப் படுக்கையருகிலேயே கணிக்கும் முறை. இவ்வாறு வருவோரில் பலருக்கு அது பொய்வலியாகவே முடியும்.

பனிக்குடச் சவ்வைக் கர்ப்பப்பையோடு ஒட்டவைக்கும் புரதம் ஃபைப்ரோநெக்டின். 22 முதல் 35 வாரம் வரை பிறப்புவழிச் சுரப்பில் இது பொதுவாகத் தென்படாது. தென்பட்டால் பிடிப்பு தளர்கிறது எனலாம். சார்லஸ் லாக்வுட் குழுவினர் 1991-இல் இதை முன்கணிப்புக் குறியாக அறிவித்தனர். பஞ்சுக்குச்சியில் எடுத்த சுரப்பில் மில்லிலிட்டருக்கு 50 நானோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் 'பாசிட்டிவ்'. உண்மையில் பயன் மிகுந்தது 'நெகட்டிவ்' முடிவுதான்: அடுத்த ஒரு வாரத்தில் பிரசவம் ஆக வாய்ப்பு மிகக் குறைவு என்று அதை நம்பலாம். பாசிட்டிவ் வந்தவர்களிலோ பலர் நிறைமாதம் வரை சுமக்கிறார்கள். ரத்தக்கசிவு, முந்தைய 24 மணி நேரத்தில் உடலுறவு, கைவைத்துப் பார்த்த உள்பரிசோதனை ஆகியவை முடிவைக் கெடுக்கும். ஆகவே சுரப்பை முதலில் எடுத்துவிட வேண்டும். கர்ப்பப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளப்பதும் உண்டு. 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் எச்சரிக்கை.

ஐதராபாத்தில் 1953-இல் திறக்கப்பட்ட நிலோஃபர் போன்ற பச்சிளங்குழந்தைப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைகளுக்கு மாவட்டங்களிலிருந்து யாரை அனுப்புவது என்பதில்தான் இத்தகைய சோதனைக்கு வேலை அதிகம். குறைமாதக் குழந்தையை ஆம்புலன்ஸில் கொண்டுசெல்வதைவிடத் தாயின் வயிற்றில் இருக்கும்போதே கொண்டுசெல்வது பாதுகாப்பு. சிசுவின் நுரையீரலை முதிரவைக்கும் டெக்ஸாமெதசோன் (6 மில்லிகிராம், 12 மணிக்கொரு முறை, 4 ஊசி) பிரசவத்துக்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் போடப்பட்டால்தான் பலன் அதிகம் என்பதால் அதற்கும் இந்தக் கணிப்பு உதவும்.