ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியின் தடக்கற்கள்

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலுள்ள மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1821-இல் தொடங்கப்பட்ட ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி, வசதியற்ற இளைஞர்களைக் கிறித்தவ சமயப் பணிக்குப் பயிற்றுவிப்பதற்கென்று சுற்றுவட்டார மக்கள் திரட்டிய நன்கொடையில் எழுந்த நிறுவனம். அத்தகைய சிறிய கல்லூரி ஒன்றின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், டைனோசர்களின் காலடித் தடங்களைத் தாங்கிய கற்பலகைகளின் உலகப் பெருந்தொகுப்புகளுள் ஒன்று சேர்ந்ததற்கு, அந்நிலத்தின் அமைப்பும், அங்கு ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஆசிரியராக இருந்த ஒருவரின் விடாமுயற்சியும், கற்களைக் கண்டெடுத்துக் கொடுத்த தொழிலாளரும் உழவருமே காரணம். அந்த ஆசிரியர் தடங்களுக்குக் கூறிய விளக்கம் பிற்காலத்தில் தள்ளப்பட்டது. அவர் சேர்த்து வைத்த கற்களோ இன்றும் ஆய்வில் நிற்கின்றன. இவ்வருங்காட்சியகத்தின் வரலாற்றை இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு படித்தால்தான் அதன் அருமை விளங்கும்.

ஆம்ஹெர்ஸ்ட் அமைந்துள்ள கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கு, ஏறத்தாழ இருபது கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் அனைத்தும் ஒன்றாயிருந்த பாஞ்சியா என்னும் பெருநிலம் பிளவுறத் தொடங்கிய காலத்தில் உண்டான பிளவுத்தாழ்வு, அதாவது நிலம் இருபுறமும் இழுபட்டு நடுவில் இறங்கியதால் தோன்றிய பள்ளம். அப்பள்ளத்தில் தேங்கிய ஏரிகள் மழைக்காலத்தில் விரிந்தும் வறண்ட காலத்தில் சுருங்கியும் வந்தமையால், கரையோரச் சேற்றில் நடந்த விலங்குகளின் அடிகள் வெயிலில் உலர்ந்து இறுகி, அடுத்த வெள்ளம் கொணர்ந்த வண்டலால் மூடப்பட்டு, காலப்போக்கில் அச்சும் வார்ப்புமாகக் கல்லாயின. எலும்புகள் இப்பாறைகளில் மிக அரிதாகவே கிடைக்கின்றன. அதே பாறை தட்டையான பலகைகளாகப் பிளக்கும் இயல்புடையதாகையால், 19ஆம் நூற்றாண்டில் நடைபாதைக்கும் வீட்டுப் படிக்கும் அதை வெட்டி எடுத்தனர். கற்குழிகள் இல்லாதிருந்தால் தடங்களும் வெளிப்பட்டிரா.

அக்காலத்து அமெரிக்கக் கல்லூரிகள், கனிமங்கள், சிப்பிகள், பாடம் செய்த பறவைகள் ஆகியவற்றை வைக்கும் அறைகளைக் ‘கேபினெட்’ என்று அழைத்தன. பொதுமக்கள் வந்து பார்த்துச் செல்லும் காட்சியகமாக அன்றி, பாடம் நடத்துவதற்கான கருவியாகவே அவை கருதப்பட்டன. படைப்பை ஆராய்வது படைத்தவனை அறியும் வழி என்று கூறும் இயற்கை இறையியல் அன்று ஓங்கியிருந்தமையால், சமயக் கல்லூரிகளே இவற்றை மிகுந்த ஆர்வத்துடன் வளர்த்தன. பயின்று முடித்து வெளிநாடுகளுக்குச் சென்ற பழைய மாணவர்களும் தாம் பணியாற்றிய நாடுகளிலிருந்து பொருள்களை அனுப்பினர். மொசூல் நகரில் சமயப் பணியாற்றிய ஹென்றி லாப்டெல் அனுப்பிய அசீரிய அரண்மனைப் புடைப்புச் சிற்பங்கள் இக்கல்லூரியில் இன்றும் உள்ளன.

1825-இல் வேதியியலும் இயற்கை வரலாறும் கற்பிக்க வந்து சேர்ந்த எட்வர்டு ஹிட்ச்காக் (1793–1864), அதற்கு முன் ஒரு சிற்றூரில் போதகராக இருந்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நிலவியல் அளவீட்டை முன்னின்று நடத்தி 1833-இல் அதன் அறிக்கையை வெளியிட்டவரும் அவரே. அவருடைய மனைவி ஓரா ஒயிட் ஹிட்ச்காக் (1796–1863) தேர்ந்த ஓவியர். கணவரின் நூல்களுக்கான படங்களோடு, வகுப்பறையின் கடைசி வரிசைக்கும் தெரியும்படி பெரிய துணிகளில் பாறை அடுக்குகளையும் அழிந்துபோன விலங்குகளையும் அவர் தீட்டிய விளக்கப்படங்கள் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. தொகுப்பின் வரலாற்றில் அவருக்குரிய இடத்தைக் கணவரின் பெயருக்கு அடியில் ஒரு குறிப்பாகச் சுருக்கிவிடுவது முறையன்று.

தடங்களை முதலில் கண்டவர்கள் அறிஞர்கள் அல்லர். 1802-ஐ ஒட்டி, ஆம்ஹெர்ஸ்ட்டுக்குத் தெற்கே சில மைல் தொலைவிலுள்ள சவுத் ஹாட்லியில், பிளைனி மூடி என்ற சிறுவன் தந்தையின் நிலத்தை உழுதபோது, மூன்று விரல் தடங்கள் வரிசையாகப் பதிந்த பலகை ஒன்று வெளிப்பட்டது. அது சில காலம் வீட்டுவாசற்படியாகக் கிடந்தது. பெருவெள்ளத்தின்போது நோவா பேழையிலிருந்து பறக்கவிட்ட காக்கையின் தடம் என்று விவிலியத்தை அறிந்த அவ்வூரார் அதைக் கூறினர். 1835-இல் கிரீன்ஃபீல்டு நகரில் நடைபாதைக் கற்களைப் பாவிக்கொண்டிருந்த டெக்ஸ்டர் மார்ஷ் என்னும் தொழிலாளி, சில கற்களில் வான்கோழி மிதித்தாற்போன்ற குழிகளைக் கவனித்தார். அவ்வூர் மருத்துவர் ஜேம்ஸ் டீன் அவற்றின் தன்மையை உணர்ந்து ஹிட்ச்காக்குக்குக் கடிதம் எழுதினார். ஹிட்ச்காக் முதலில் ஐயுற்றார். பின்னர் நேரில் பார்த்து, அவ்வாண்டின் எஞ்சிய மாதங்களில் பள்ளத்தாக்கின் கற்குழிகளையும் ஊர் நடைபாதைகளையும் தேடித் திரிந்து, 1836 சனவரியில் அமெரிக்க அறிவியல் இதழில் தம் முதற்கட்டுரையை வெளியிட்டார்.

அக்கட்டுரை அத்தடங்களைப் பறவைகளுடையவை என்று முடிவு செய்தது. பிழையான முடிவே எனினும், அன்றைய அறிவு நிலையில் அதற்கு வலுவான அடிப்படை இருந்தது. விலங்கு இரு காலில் நடந்திருந்தது; முன்கால் பதிவோ வால் இழுபட்ட கோடோ பெரும்பாலான பலகைகளில் இல்லை; உள்விரலில் மூன்று, நடுவிரலில் நான்கு, வெளிவிரலில் ஐந்து என்ற மூட்டு எண்ணிக்கை பறவையின் பாதத்தோடு ஒத்திருந்தது. இரு காலில் நடந்த ஊர்வன எதனையும் அன்று எவரும் அறிந்திருக்கவில்லை. டைனோசர் என்ற தொகுதியையே இலண்டனில் ரிச்சர்ட் ஓவன் 1842-இல்தான் வகுத்தார். நியூசிலாந்தின் மோவா என்னும் பறக்காப் பெரும்பறவையின் எலும்புகள் இங்கிலாந்தை அடைந்தபோது, அத்துணைப் பெரிய பறவைகள் இருந்திருக்கக் கூடும் என்பதற்கு அதுவே சான்றாயிற்று.

கண்டுபிடிப்பு யாருக்குரியது என்ற பூசல் 1840-களில் எழுந்து, டீனுக்கும் ஹிட்ச்காக்குக்கும் இடையே இதழ்களில் நீண்டது. முறையாக ஆராய்ந்து வகைப்படுத்தியவர் ஹிட்ச்காக் என்பதில் ஐயமில்லை. ஆனால் இக்கற்களில் பொருளுண்டு என்று முதலில் உணர்ந்து அவரை வற்புறுத்தியவர் டீன் என்பதும், அவர்கள் இருவருக்கும் முன்பே கண்ணால் கண்டவர் மார்ஷ் என்பதும் மறுக்க முடியாதவை. மார்ஷ் அதன்பின் தாமே ஆற்றங்கரையெங்கும் தேடித் தனித்தொகுப்பு ஒன்றை உருவாக்கினார். 1853-இல் அவர் இறந்ததும் அது ஏலத்திற்கு வந்தபோது, ஹிட்ச்காக் நன்கொடை திரட்டி அதில் ஒரு பகுதியைக் கல்லூரிக்கு வாங்கினார். மூடியின் நிலத்துப் பலகை அதற்கும் முன்பே அவர் கைக்கு வந்திருந்தது.

தொகுப்பு பெருகியபோது இடம் தேவைப்பட்டது. 1845-இல் ஹிட்ச்காக் கல்லூரித் தலைவராகப் பொறுப்பேற்றபோது நிதிநிலை மிக மோசமாக இருந்தது. அந்நிலையிலும் 1848-இல் வானாய்வகமும் கனிமக் கூடமும் இணைந்த எண்கோணக் கட்டடம் எழுந்தது. தடங்களுக்கென்றே ஒரு கட்டடம் 1855-இல் அமைந்தது. பாஸ்டன் வணிகர் சாமுவேல் ஆப்பிள்டனின் உயிலிலிருந்து கிடைத்த பத்தாயிரம் டாலரில் கட்டப்பட்டு ஆப்பிள்டன் கேபினெட் எனப் பெயர்பெற்ற அக்கட்டடத்தின் கீழ்த்தளம் முழுவதும் கற்பலகைகளுக்கும், மேல்தளம் விலங்கியல் பொருள்களுக்கும் ஒதுக்கப்பட்டன.

கீழ்த்தளத்துக் கூடத்தில் ஹிட்ச்காக் செய்த ஏற்பாடு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. தடம் என்பது கல்லின் மேல் ஆழமற்ற ஒரு குழிவு மட்டுமே. ஒளி நேராக மேலிருந்து விழுந்தால் அது கண்ணுக்குத் தெரியாது, பக்கத்திலிருந்து சரிந்து விழுந்தால் ஒவ்வொரு விரல் மூட்டும் நிழலோடு எழுந்து நிற்கும். ஆகவே பலகைகளுள் பலவற்றைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தினார். அவ்வாறு நிறுத்திய பலகையின் ஒரு முகத்தில் தடத்தின் குழிவையும், மறுமுகத்தில் அதன் புடைப்பையும் காண முடிந்தது. மற்றொரு ஏற்பாடு அவருடைய ஆசிரியத் திறனுக்கே சான்று. பெரிய விலங்கொன்று சேற்றில் மிதித்தால் அதன் எடை மேற்பரப்போடு நில்லாமல் கீழுள்ள அடுக்குகளையும் அழுத்துவதால், ஒரே அடி பல அடுக்குகளில் பதியும். மேலே கூர்மையாகவும் கீழே செல்லச் செல்ல மழுங்கியும் அது தோன்றும். ஒரே தடத்தைத் தாங்கிய இத்தகைய மெல்லிய அடுக்குகளைத் தனித்தனியே பிரித்து, ஒரு பக்கத்தில் கீல் பொருத்தி, ஏடுகளைப் போலத் திருப்பிப் பார்க்கும் கல் நூல்களாக அவர் அமைத்தார். அடித்தடம் என்று இன்றைய ஆய்வாளர் கூறும் கருத்தை மாணவன் தன் கையாலேயே புரட்டி அறிந்துகொள்ள வழிசெய்த ஏற்பாடு அது. தடங்களோடு மழைத்துளி விழுந்த குழிகள், நீரலை வரிகள், சேறு உலர்ந்து வெடித்த கோடுகள் ஆகியவை பதிந்த பலகைகளையும் அவர் ஒதுக்காமல் சேர்த்தார்.

மேல்தளத்துத் தொகுப்புகளுள் சிறந்தது, விலங்கியல் பேராசிரியர் சார்லஸ் பேக்கர் ஆடம்ஸ் ஜமைக்காவிலும் பனாமாவிலும் திரட்டிய சிப்பிகளும் நத்தை ஓடுகளும். அவர் 1853-இல் கரீபியத் தீவொன்றில் சேகரிப்புப் பயணத்தில் இருந்தபோதே மஞ்சள் காய்ச்சலால் இறந்தார், வயது முப்பத்தொன்பது. அத்தொகுப்பு பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்திற்கு மாற்றப்பட்டது.

1858-இல் மாநில அரசின் செலவில் வெளிவந்த ஹிட்ச்காக்கின் பெருநூல், நூற்றுக்கும் மேற்பட்ட தட இனங்களை விவரித்துத் தடப்படிவ இயல் என்னும் துறைக்கே அடித்தளமிட்டது. தடத்திற்கும் விலங்கைப் போலவே இருசொற் பெயரிடும் வழக்கத்தை அவர் நிலைநிறுத்தினார். சிறிய மூவிரல் தடம் கிராலேட்டர் என்றும், பெரியது யூப்ரான்டிஸ் என்றும் அவர் இட்ட பெயர்களால் இன்றும் அறியப்படுகின்றன. நால்விரல் கொண்ட பெருந்தடமொன்றுக்கு ஓட்டோசோம் மூடியை எனப் பெயரிட்டுப் பிளைனி மூடியைச் சிறப்பித்தார். ஆனால் புதிய பலகை கிடைக்கும்போதெல்லாம் பழைய பெயர்களை மாற்றும் பழக்கம் அவருக்கு இருந்தமையால், எந்தக் கல்லுக்கு எந்தப் பெயர் முதலில் இடப்பட்டது என்பதில் பின்வந்தோர் பெரிதும் குழம்பினர்.

அவருக்குக் கற்களை வழங்கிவந்த உழவர் ராஸ்வெல் ஃபீல்டு, இவை பறவைகள் அல்ல, ஊர்வனவே என்று 1860-ஐ ஒட்டி வாதிட்டார். கற்குழியில் நாள்தோறும் தடங்களைப் பார்த்தவரின் கணிப்பு பேராசிரியரின் கணிப்பைவிட உண்மைக்கு அருகில் இருந்தது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலையில் வெடிவைத்துப் பாறை தகர்த்தபோது 1855-இல் கிடைத்த எலும்புகளும் கல்லூரித் தொகுப்பில் சேர்ந்திருந்தன. அவ்விலங்கு இன்று ஆன்கிசாரஸ் எனப்படும் டைனோசர். ஹிட்ச்காக் 1864-இல் மறைந்தார். அடுத்த சில ஆண்டுகளில், இரு காலில் நடந்த டைனோசர்களைப் பற்றிய அறிவு தெளிவடைய, இங்கிலாந்தில் தாமஸ் ஹக்ஸ்லி அவற்றின் பாதமும் இடுப்பும் பறவையினவற்றை ஒத்திருப்பதை எடுத்துக்காட்டினார். பள்ளத்தாக்கின் மூவிரல் தடங்களைப் பதித்தவை டைனோசர்கள் என்பது அதன்பின் படிப்படியாக ஏற்கப்பட்டது. ரிச்சர்ட் ஸ்வான் லல் 1904-இலும் 1915-இலும் வெளியிட்ட நூல்கள் இக்கற்களை அப்புதிய நோக்கில் மறுபடியும் வகைப்படுத்தின.

கல்லூரித் தொகுப்புகளின் பெரும்பகை நெருப்பு. சார்லஸ் அப்ஹம் ஷெப்பர்டு பல்லாண்டுகள் திரட்டிய புகழ்பெற்ற கனிமத் தொகுப்பின் பெரும்பகுதி, 1882 மார்ச்சில் ஆம்ஹெர்ஸ்டின் வாக்கர் கூடம் எரிந்தபோது அழிந்தது. அண்டையிலுள்ள மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரியின் இழப்பு அதனினும் துயரமானது. அங்கு நிலவியல் பேராசிரியராக இருந்த மிக்னான் டால்பட் 1910-இல் கண்டெடுத்து, மறு ஆண்டு போடோகெசாரஸ் ஹோலியோகென்சிஸ் எனப் பெயரிட்ட சிறிய டைனோசரின் எலும்புக்கூடு, எலும்பு அரிதாகவே கிடைக்கும் இப்பள்ளத்தாக்கில் கிடைத்த அரும்பொருள். 1917 திசம்பரில் அக்கல்லூரியின் வில்லிஸ்டன் கூடத்தில் பற்றிய தீயில் அது போயிற்று. முன்னரே எடுத்து வேறு அருங்காட்சியகங்களுக்கு அனுப்பியிருந்த வார்ப்புகள் இருந்தமையால்தான் அவ்விலங்கைப் பற்றி இன்றும் ஆராய முடிகிறது. படி எடுத்து இரண்டாம் இடத்தில் வைப்பது எத்துணை இன்றியமையாத கடமை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆம்ஹெர்ஸ்டின் தொகுப்பை வளர்த்தவர் ஃபிரெட்ரிக் புரூஸ்டர் லூமிஸ். மாணவர்களை அழைத்துக்கொண்டு தொல்லுயிர் எச்சங்களைத் தேடிச் சென்ற அவர், 1911-இல் தென்னமெரிக்காவின் பட்டகோனியா வரை சென்று, பைரோதீரியம் என்னும் அழிந்துபோன பாலூட்டியின் மண்டையோட்டைக் கொண்டுவந்தார். ஆனால் உயிரியல் கல்வி ஆய்வகத்தை நோக்கித் திரும்பிய காலம் அது. காட்சிக்கூடங்களுக்கு இருந்த மதிப்புக் குறைந்து, 1925-இல் ஆப்பிள்டன் கட்டடம் வேறு பயன்பாட்டுக்குப் போயிற்று. 1942-இல் பழைய பிராட் உடற்பயிற்சிக் கூடம் அருங்காட்சியகமாக மாற்றப்பட்டபோது, மாமதம் போன்றவற்றின் எலும்புக்கூடுகள் மேலே நிற்க, டன் கணக்கில் எடையுள்ள தடக்கற்கள் அடித்தளத்திற்குச் சென்றன. 2006-இல் திறக்கப்பட்ட பெனெஸ்கி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அவை மீண்டும் தமக்குரிய இடத்தைப் பெற்றன. ஏறத்தாழ 1,700 பொருள்கள் காட்சியில் உள்ள அங்கு பொதுமக்களுக்குக் கட்டணமில்லை.

ஹிட்ச்காக்கின் பெயர்களில் நேர்ந்த குழப்பத்தை 1998-இல் பால் ஓல்சனும் உடனாய்வாளர் இருவரும் ஒரு கட்டுரையில் தீர்த்தனர். யூப்ரான்டிஸ், ஆன்கிசாரிப்பஸ், கிராலேட்டர் ஆகிய மூன்று பெயர்களுக்கும் அடிப்படையான மூலமாதிரிகள், அதாவது ஒரு பெயர் எதைச் சுட்டுகிறது என்பதை உறுதிசெய்யும் முதற்பொருள்கள், ஆம்ஹெர்ஸ்டின் பலகைகளே. தொகுப்புக்குரிய பழைய எண்களோடு அவை காக்கப்பட்டிருந்தமையால், ஹிட்ச்காக் எழுதியதையும் வரைவித்ததையும் கல்லோடு ஒப்பிட்டு அம்மூன்றையும் அவர்களால் மறுபடி விவரிக்க முடிந்தது. அவற்றுள் பெரியதான யூப்ரான்டிஸ் ஜைகான்டியஸின் மூலமாதிரி 15/3 என்னும் எண்ணுடைய பலகை.